படிவத்தில் இரண்டு கையெழுத்து

பலாசா
18 ஜனவரி 2016

பாவாவுக்கு ரவணம்மா எழுதுவது.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன்னைப் பாவா என்றுதான் கூப்பிடுகிறேன். ஊரார் முன்னால் உன்னை "நீங்க" என்பேன், வீட்டுக்குள் "நீ" என்பேன். கடிதத்துக்கு எது முறை என்று வெகுநேரம் யோசித்தேன். நீ ஒருவன்தான் படிக்கப்போகிறாய் என்பதால் "நீ" என்றே எழுதுகிறேன். உன் தங்கை ரத்தினம் பிரித்துப் படித்தால் அது அவள் பாடு.

சங்கராந்திக்கும் நீ வரவில்லை. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. போன் பண்ணினால் அவள்தான் எடுக்கிறாள். "அண்ணன் வெளிய போயிருக்காரு அண்ணி" என்கிறாள். பின்னால் நீ இருமுவது கேட்கிறது. முப்பத்தொரு வருஷமாகக் கேட்கிற இருமல் எனக்குத் தெரியாதா?

பண்டிகைக்கு ஹைதராபாத்திலிருந்து சுஹாசினி வந்தாள். "அப்பா எங்கம்மா?" என்றாள். "ஆபரேஷன் ஆன உடம்பு, அரக்கு மலைக் காத்து நல்லது, அத்தை வீட்ல இருக்கட்டும்னு அனுப்பினேன்" என்றேன். அவள் விடவில்லை. "கட்டிய மொத்தமா எடுத்தாச்சு, புத்துநோய் போயிடுச்சுன்னு சொன்னீங்க. அப்ப பண்டிகைக்குக்கூட வராம மலையில என்ன வேலை?" என்றாள். "அரிசெலு கருகுது, அடுப்பப் பாரு" என்று பேச்சை மாற்றினேன். பெற்ற மகளிடம் இதை எப்படிச் சொல்வது?

எனக்கு ஒன்றுமட்டும் சொல். டிசம்பர் ஒன்பதாம் தேதி மதியம் நான் என்ன பெரிய குற்றம் செய்துவிட்டேன்?

செப்டம்பரில் ஆபரேஷன். மூன்று மாதம் நீ என் பக்கத்தில்கூடப் படுக்கவில்லை. அன்றைக்கு விசாகப்பட்டினத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவன் நீயாகத்தான் கதவைச் சாத்தினாய். அது நடக்கவில்லை. கொஞ்சம் சிறுநீர் கசிந்தது. நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "விடு பாவா, இந்த வயசுல இனி இது எதுக்கு? இப்படித்தான் ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரு" என்றேன். நீ எழுந்து உட்கார்ந்தாய். "முன்னாடின்னா எப்ப?" "ஆபரேஷனுக்கு முன்னாடி." நீ சட்டையைப் போட்டுக்கொண்டாய். மறுநாள் காலையில் பையோடு கிளம்பிவிட்டாய்.

நான் சொன்னது இரண்டே வாக்கியம். எது உன்னை விரட்டியது? முந்திரிக் கொட்டகையில் உட்கார்ந்து இதையேதான் யோசிக்கிறேன். நேற்று முழுப்பருப்பில் உடைந்த பருப்பைக் கலந்துவிட்டேன். இருபது வருஷத்தில் முதல்முறையாக மேஸ்திரி என்னைத் திட்டினார்.

கசிவுக்கு நீ கொண்டுபோன பஞ்சுப் பட்டைகள் இரண்டு கட்டுதானே, தீர்ந்திருக்குமே. அங்கே கிடைக்கிறதா? பார்சலில் அனுப்பட்டுமா? உள்ளே என்ன என்று தபால் ஆபீசில் கேட்டால் என்ன சொல்ல?

ரவணம்மா

அரக்கு
27 ஜனவரி 2016

ரவணம்மாவுக்கு.

கடிதம் வந்தது. நலம்.

எந்த வாக்கியம் என்று கேட்டிருக்கிறாய். இரண்டும்தான்.

முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் சிக்னல் மெக்கானிக்காக இருந்தேன். எந்தக் கம்பியைத் தொட்டால் எந்தப் பாதை நிற்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்காமல் ஒருநாளும் வேலை ஆரம்பித்ததில்லை. என் உடம்புக்குள் கம்பியை வெட்டப்போகிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போவது என்னுடையது, முடிவு உன்னுடையதா?

இரண்டாவது, "இந்த வயசுல எதுக்கு" என்றது. அப்படியென்றால் எந்த வயதில் உனக்கு வேண்டியிருந்தது? பழைய நாட்களை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். எந்த நாள் நீ ஆசைப்பட்டாய், எந்த நாள் பொறுத்துக்கொண்டாய் என்று பிரிக்கத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்த நாட்கள்கூட இப்போது சந்தேகமாக இருக்கின்றன.

பார்சல் வேண்டாம். ரத்தினத்தின் புருஷன் அப்பண்ணா டிபன் கடைக்குச் சாமான் வாங்க விசாகப்பட்டினம் போவார். பட்டையின் பெயரை ஒரு தாளில் எழுதி மடித்துக் கொடுத்தேன். வாங்கிவந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பயன்படுத்தியதைக் கடைக்குப் பின்னால் காபித் தோலோடு போட்டு எரிக்கிறேன். "அண்ணன் வந்ததிலிருந்து கொல்லை பளிச்சுனு இருக்கு" என்று ரத்தினம் எல்லோரிடமும் சொல்கிறாள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். டிசம்பரில் கொடுத்த ரத்தத்தின் முடிவு வீட்டுக்கு வந்திருந்தால் மட்டும் எழுது.

லோகநாதம்

பலாசா
4 பிப்ரவரி 2016

பாவா,

பதில் எழுதாதே என்கிறாய், அடுத்த வரியிலேயே எழுது என்கிறாய். எதைக் கேட்பது? முடிவு தபாலில் வராதாம். நேரில் போய்த்தான் வாங்க வேண்டுமாம்.

கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். சின்ன டாக்டர் ஒருவர் வந்தார். "அம்மா, கட்டி புராஸ்டேட் சுரப்பிக்குள்ளயே இருக்கு. எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல. ஆனா பக்கத்துல போற நரம்பு அடிபடலாம். குடும்ப வாழ்க்கை முன்ன மாதிரி இருக்காது. புரியுதா?" என்றார். புரிகிறது என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், அரை நிமிஷம். அவர் போய்விட்டார்.

அப்போது என் கண்முன் நின்றது யார் தெரியுமா? உன் அண்ணன் புருஷோத்தமம். அவருக்கும் இதே நோய்தான். "ஆம்பளத்தனம் போனப்புறம் உசுரு எதுக்கு?" என்று ஆபரேஷன் வேண்டாமென்றார். கடைசி எட்டு மாதம் எலும்பெல்லாம் வலி. புரட்டிப் போட்டாலும் கத்துவார். அவரைப் புரட்டியது அவர் பெண்டாட்டி அக்காவும் நானும்தான். நீ வாசலிலேயே நின்றாய். அண்ணனைப் போல நீயும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். மறைத்தேன். தப்புதான். இன்னொரு தடவை அந்த ஸ்கேன் அறை வாசலில் நிறுத்தினாலும் மறைப்பேன் போலத்தான் இருக்கிறது. அப்படியானால் இது மன்னிப்பா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவதற்கும் பதில் சொல்கிறேன். இதை எழுதிவிட்டு இரண்டு முறை கிழித்தேன்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மாதத் தூரம் நின்றது. அதற்குப் பிறகு எனக்கு வலிக்கும். உள்ளே காய்ந்து, தீக்காயத்தில் துணி உரசுவதுபோல. நாலு வருஷம். அதற்கு முன்னால் வலிக்கவில்லை, நீ நினைப்பதுபோல் எல்லாம் பொய் இல்லை. ஆனால் அந்த நாலு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதனால் சின்ன டாக்டர் அப்படிச் சொன்னபோது, பயம் எல்லாம் அடங்கின பிறகு, எனக்குள் ஓர் ஓரத்தில் "அப்பாடா" என்று ஒரு குரல் கேட்டது. புருஷன் உயிருக்குப் போராடுகிறபோது அப்பாடா என்கிறாளே, இவள் என்ன பெண் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இப்போது நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. கட்டிலில் உன் பக்கத்தில் துவைத்த துணியைக் குவித்துவைத்திருக்கிறேன், காலியாகத் தெரியக்கூடாது என்று. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே பிடிபடவில்லை.

ரவணம்மா

அரக்கு
5 பிப்ரவரி 2016

ரவணம்மாவுக்கு.

உன்னிடமிருந்து பதில் இல்லை. எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கடை வாசலில் நிற்கிறேன்.

ஒரு முட்டாள்தனம் செய்தேன். ரத்தினம் சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை சந்தைக்குச் சமவெளியிலிருந்து ஒருவன் வேனில் வந்தான். மைக்கில், "நரம்புத் தளர்ச்சியா? வீட்ல மரியாதை இல்லையா?" என்று கூவி லேகியம் விற்றான். கூட்டத்தில் யாரும் கிட்டே போகவில்லை. அவன் வேனை எடுத்தபிறகு ஓடிப்போய் வாங்கினேன். நான் ஓடியதை அந்தச் சந்தையே பார்த்தது.

இரண்டு நாள் தின்றேன். மூன்றாம் நாள் கடையில் தோசைக்கல் முன்னால் தலைசுற்றி விழுந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஜீப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விட்டதாம். விழுந்தபோது வேட்டி நனைந்துவிட்டது. பட்டையையும் எல்லோரும் பார்த்தார்கள். ரத்தினம் வீட்டுக்கு வந்தபிறகு, "அண்ணா, கொல்லையில நீ எரிச்சது இதத்தானா? கேட்டா நான் துவைக்கிற துணியே தைச்சிக் கொடுத்திருப்பேனே!" என்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தப் பெரும்பாடாகிவிட்டது.

படுத்துக்கொண்டே யோசித்தேன். ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். அப்பண்ணாவின் கடையிலும் லாட்ஜிலும் மின்சார வேலை நிறைய இருக்கிறது. நீ எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உன்னை விட்டுவிட்டேன். கோபத்தில் சொல்லவில்லை.

லோகநாதம்

அரக்கு
13 பிப்ரவரி 2016

ரவணா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் உன்னை விட்டுவிட்டேன் என்று எழுதிய மூன்றாம் நாள் உன்னுடையது வந்தது.

நாலு வருஷம் வலித்ததா?

நான் எத்தனை முறை என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். பல்லைக் கடித்தாய் என்கிறாய். நான் அதை வேறு என்னவோ என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆசை என்று நினைத்தேன்.

ஏன் சொல்லவில்லை? "வலிக்குது பாவா" என்றால் நான் நிறுத்தியிருக்க மாட்டேனா? நான் என்ன மிருகமா? ஒருவேளை உனக்கு அப்படித்தான் தோன்றியதா?

உன் "அப்பாடா"வுக்கு நான் கோபப்பட வேண்டும். கோபம் வரவில்லை. என்ன வருகிறது என்று தெரியவில்லை. இரண்டு நாளாகக் கடைக்குப் போகவில்லை.

லோகநாதம்

பலாசா
3 மார்ச் 2016

பாவா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. உன்னை விட்டுவிட்டேன் என்கிறாயே, நான் என்ன கட்டிப்போட்ட மாடா? அவிழ்த்துவிடச் சொல்லி யார் கேட்டார்கள்? லேகியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்ல ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது.

நான் ஒரு காரியம் செய்தேன். நீ போனபிறகு அலமாரியின் மேல்தட்டில், உன் பழைய ரயில்வே சட்டைகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. பிரித்தேன். கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் தலையில் கைப்பிடி. கொசு மருந்து அடிக்கிற பம்பு என்று நினைத்தேன். மருந்து ஊற்ற இடம் எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு உள்ளே இருந்த படத்தில், அதை ஆணுக்கு எங்கே மாட்டுவது என்று பார்த்தேன். கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

அன்று டிசம்பர் ஒன்பதாம் தேதி இதை வாங்கிக்கொண்டுதானே வந்தாய்? எடுத்துக் காட்ட வெட்கப்பட்டு மேலே ஒளித்துவைத்துவிட்டு, வெறும் கையோடு வந்து கதவைச் சாத்தினாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

போன திங்கட்கிழமை லீவு போட்டேன். பெட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் விசாகப்பட்டினம் போனேன். உன் அட்டையைக் கொடுத்து டோக்கன் வாங்கினேன். அந்த ஹாலில் முப்பது ஆண்கள். பாதிப் பேர் கையில் மூத்திரப் பை. என்னைப் பார்த்ததும் ஒருவர் துண்டால் பையை மூடினார்.

"லோகநாதம்! லோகநாதம் யாரு?" என்று கூப்பிட்டாள் ஒருத்தி. நான் எழுந்தேன்.

"நீங்களா லோகநாதம்?"

"இன்னைக்கு நான்தான்" என்றேன். பைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தவர் மாதிரி இருந்தது.

டாக்டர் சந்திரமௌலி, "அவர் வரலியாம்மா?" என்றார்.

"அவர் மலையில இருக்காரு சார். கேள்வி மட்டும் என்கிட்ட இருக்கு" என்று பெட்டியை மேசையில் வைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மேரி சுகுணா என்ற நர்ஸ் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இரண்டு பேருமாகச் சொன்னார்கள். நான் சரக்குக் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அப்படியே எழுதுகிறேன்.

ஒரு பக்கத்து நரம்பை முழுசாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் அது மரத்துப்போய்க் கிடக்கிறதாம். விழிக்க ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. மூன்று மாதத்தில் நடக்கவில்லை என்பதில் ஒரு அர்த்தமும் இல்லையாம். "எலும்பு ஒடஞ்சா மூணாம் நாள் ஓடச் சொல்வீங்களா?" என்றார் டாக்டர். அதுவரை ரத்த ஓட்டம் நிற்காமல் இருக்கத்தான் மாத்திரையும் இந்தக் குழாயும். மாத்திரையை அவர்கள் எழுதித் தருவதைத்தான் சாப்பிட வேண்டும், வேனில் வந்ததை அல்ல. நான் லேகியத்தைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கசிவு குறையும். சிறுநீரைப் பாதியில் அடக்குவோமே, அந்த இடத்தை இறுக்கிப் பத்து எண்ணி விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. செய்கிறாயா? டிசம்பரிலேயே சொல்லிக்கொடுத்தார்களாமே?

இன்னொன்று. இதைச் சுகுணா அம்மா என் காதருகே குனிந்து சொன்னாள். அது எழும்பாவிட்டாலும் அந்தச் சுகம் வருமாம். அதன் வழி வேறாம். ஆனால் வெளியே ஒன்றும் வராதாம், வறண்டுதான் இருக்கும். உனக்கு இது தெரியுமா? எனக்கு இன்னும் நம்பிக்கையில்லை.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "எல்லாம் அவருக்கே கேக்குறீங்களே, உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்றாள். என் ஐம்பத்திரண்டாவது வயதில்தான் ஒருத்தி என்னை முதன்முதலாக இதைக் கேட்கிறாள். அழுதுவிட்டேன். வலியைச் சொன்னேன். "இதுக்கு மருந்தே இருக்கே, களிம்பு. நாலு வருஷமா ஏன் பேசாம இருந்தீங்க?" என்றாள். நீ கேட்ட அதே கேள்வி. யாரிடம் என்ன வார்த்தையில் சொல்ல? அந்த இடத்துக்கு நம்மிடம் வசவுச் சொல்தானே இருக்கிறது.

என் பேரில் ஒரு மருந்துச் சீட்டு எழுதிக்கொடுத்தார்கள்.

உன் ரத்தத்தில் நோயின் சுவடே இல்லையாம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ரவணம்மா

அரக்கு
11 மார்ச் 2016

ரவணா,

கடைசி வரியை முதலில் படித்தேன். பிறகு ரத்தினத்திடம் சொன்னேன். அவள் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வடை அதிகமாக வைத்தாள்.

மற்றதை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். "இன்னைக்கு நான்தான்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். நீ அந்த ஹாலில் எழுந்து நின்றதை நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

எனக்குத் தெரியும், ரவணா. ஆபரேஷனுக்கு முன்பே தெரியும்.

அடுத்த கட்டிலில் பீமிலிக்காரர் எர்ரய்யா இருந்தாரே, படகு வைத்திருப்பவர். முந்தின நாள் சாயங்காலம் நீ இட்லி வாங்கக் கீழே போனாய். அவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, இவங்க யாரும் வெளிப்படையாச் சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன். நாளைக்கு அறுத்தா உசுரு நிக்கும். ஆனா அந்த வேலை நிக்கலாம். எனக்கு ஆறு மாசமா இல்ல. நல்லா யோசிச்சுக்க" என்றார். நான் சின்ன டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம் என்றார். "வேணாம்னா இப்பவே சொல்லுங்க, வேற வழி பேசலாம்" என்றும் சொன்னார். ராத்திரிக்குள் சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. உயிர் வேண்டும் என்று நானேதான் முடிவு செய்தேன். அண்ணன் கத்தியதை வாசலில் நின்றாலும் நானும் கேட்டவன்தானே.

படிவத்தில் உன் கையெழுத்துக்கு மேலே என் கையெழுத்து இருக்கிறது.

நீ வந்து இட்லியைப் பிரித்தாய். நாலையும் தின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நீ அழுவாய் என்பதால் சொல்லவில்லை என எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். சொன்னால் உன் முகத்தில் வருத்தம் வருமா, நிம்மதி வருமா என்று பயந்தேன். எது வந்தாலும் என்னால் பார்த்திருக்க முடியாது.

பிறகு டிசம்பரில் நீ "முன்னாடியே சொன்னாரு" என்றாய். எனக்கு அந்த நிமிஷத்தில் ஓர் ஆறுதல் வந்தது. இத்தனை நாள் என்மேலேயே இருந்த பழியைத் தூக்கிவைக்க இடம் கிடைத்தது. உன்மேல் வைத்தேன். வைத்துவிட்டு மலை ஏறிவிட்டேன். மூன்று மாதமாக அதை நானே நம்பியும்விட்டேன். வேண்டுமென்றே செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்று கேட்காதே.

இதற்குமேல் நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

லோகநாதம்

பலாசா
19 மார்ச் 2016

பாவா,

படித்ததும் சிரித்தேன். பிறகு தட்டைத் தூக்கி எறிந்தேன். எவர்சில்வர் தட்டு, ஒன்றும் ஆகவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

மூன்று மாதம்! கொட்டகையில் உட்கார்ந்து, புருஷனை ஏமாற்றிய பாவி நான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே பருப்புப் பொறுக்கினேன். நீ அங்கிருந்து பேசிய நியாயம் என்ன, ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து என்ன! என் கையெழுத்தைக் காட்டிக் காட்டி அடித்தாயே, உன் கையெழுத்தைக் கையால் மூடிக்கொண்டு!

ஒரே கட்டிலின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, இட்லி தின்றிருக்கிறோம். "சட்னி காரமா?" என்று நான் கேட்டேன். "சரியா இருக்கு" என்று நீ சொன்னாய். நாம் பேசியது அவ்வளவுதான்.

மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். இன்னும் வரவில்லை. நானும் மறைத்தவள்தான், அதனால் திட்டக்கூட முழு உரிமை இல்லை. இதுதான் எனக்கு எரிச்சல்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி விசாகப்பட்டினத்தில் இரண்டு டோக்கன் போட்டிருக்கிறேன். ஒன்று உன் பெயரில், ஒன்று என் பெயரில். உன் அட்டை என்னிடம் இருக்கிறது. காலை பத்து மணி. வரவில்லை என்றால் நான் உள்ளே போய் இரண்டு பேருக்கும் பேசிவிட்டு வருவேன், நீ சந்தையில் ஓடியது உட்பட.

ரவணம்மா

அரக்கு
21 ஏப்ரல் 2016

ரவணா,

லாட்ஜில் வயர் மாற்றும் வேலையை வெயில் காலக் கூட்டம் வருவதற்குள் முடித்துத் தருவதாக அப்பண்ணாவிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, நேற்று முடிந்தது. நீ என்னோடு விசாகப்பட்டினத்தில் அந்த இரண்டு நாள் இருந்துவிட்டுப் பலாசா ரயிலில் ஏறியபோது ஜன்னல் வழியாக ஏதோ கேட்டாய். வண்டி கிளம்பிவிட்டது. "அப்ப வருவியா?" என்றா, "எப்ப வருவே?" என்றா கேட்டாய்? பதினான்கு நாளாக யோசிக்கிறேன். இரண்டுக்கும் பதில் வேறுவேறு.

டாக்டர் முன்னால் நான் வாயே திறக்கவில்லை. நீதான் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாய். கடைசியில் அவர் என்னிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும் லோகநாதம் காரு?" என்றார். "தெரியல சார்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை கோபமா என்று அப்போது புரியவில்லை. படியிறங்கும்போது, "எனக்கும் அதான் பாவா" என்றாய்.

அன்று மதியம் கடற்கரைக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் நடந்ததைப் பற்றி நாம் பேசவே இல்லை. மீன்புலுசு நன்றாக இருந்தது என்பதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீ முதலில் கட்டிலில் இரண்டு துண்டை விரித்தாய். பாய் விரிப்பதுபோல, சாதாரணமாக. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இறங்கியது. கசிந்தால் கசியட்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது. மாத்திரை பாதிதான் வேலை செய்தது. அந்தக் குழாயை நான் பிடித்த விதத்தைப் பார்த்து நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டோம்.

சுகுணா அம்மா உன் காதில் சொன்னது நிஜம். சிக்னல் இறங்காமலே வண்டி ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டது. முப்பத்தைந்து வருஷ சர்வீசில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒன்றும் வெளியே வரவில்லை, ஆனாலும் வந்தது. அதனால்தான் எழுந்து உட்கார்ந்து முழித்தேன். "என்ன பாவா, நெஞ்சு வலிக்குதா?" என்று நீ பதறினாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னைப்போல இல்லை. முன்னைவிடக் குறைவா, கூடவா என்றும் தெரியவில்லை. அது போய்விட்டதே என்று ஒரு துக்கமும் கூடவே இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும்?

உன்னைப் பற்றியும் எனக்குக் குழப்பம். "வலிக்குதா?" என்று நான் கேட்டேன். நீ "பேசாம இரு" என்றாய். வலித்ததால் சொன்னாயா, வலிக்காததால் சொன்னாயா? கண்ணை மூடியிருந்தாய். பல்லைக் கடிக்கவில்லை, அதை மட்டும் கவனித்துப் பார்த்தேன். இனி நானாக எதையும் நினைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. நீதான் சொல்ல வேண்டும்.

எர்ரய்யாவுக்குப் போன் பண்ணினேன். களிம்பு, பயிற்சி, காத்திருப்பு எல்லாம் சொன்னேன். பிறகு, "என் பொண்டாட்டிகிட்ட உன் பொண்டாட்டியப் பேசச் சொல்றியா?" என்றார். உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். தப்பா?

சுஹாசினியிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். அப்பாவே ஒருநாள் சொல்வார் என்று சொல். எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பாசஞ்சரில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, நாலு பேர் கேட்பார்கள். இல்லை, வா.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்துவிட்டால் கடிதத்துக்கு வேலை இருக்காது. ஆனால் இங்கே எழுதிய எதையும் என் வாயால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மற்ற எல்லாவற்றிலும் குழப்பம், இதில் மட்டும் இல்லை. அதனால் கேட்கிறேன். சொல்ல முடியாமல் ஏதாவது வந்தால் ஒரு தாளில் எழுதி உன் தலையணைமேல் வைத்துவிட்டுப் போகட்டுமா? நீயும் அப்படிச் செய். பதில் அன்றைக்கே வேண்டாம். நீ படித்து முடிக்கும்வரை நான் தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன். முடிந்ததும் விளக்கைப் போடு, உள்ளே வருகிறேன்.

உன்
பாவா